வலிக்கு எந்தப் பக்கம் பற்று எழுதுவது?

பி.காம் படிக்கிறவனுக்கு மயக்க மருந்தைப் பத்தி என்ன தெரியும்னு கேட்காதீங்க மக்களே. இதுவும் வரவு செலவு விஷயம்தான்.

வயித்துல ஆபரேஷன் பண்ணினா வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கணும். நம்ம ஊர்ல இதுதான் பேச்சு. ஆனா சர்க்கரை, இதயக் கோளாறு, மூச்சிரைப்புன்னு பல வியாதி சேர்ந்திருக்கிறவருக்குப் பொறுத்துக்கிறதே ஆபத்து. வலியில ஆழமா மூச்சு விட முடியாது, இரும முடியாது. சளி தேங்கி நிமோனியா வரும். அம்பத்தூர் எஸ்டேட்ல வருஷக்கணக்கா வெல்டிங் புகையில நின்ன எங்க தெருப் பெரியவர் ஒருத்தருக்கு இதுதான் நடந்தது. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சும், இரும பயந்தே ஐசியூவுக்குத் திரும்பினார்.

வலிக்கு மருந்து இல்லையா? இருக்கு. மார்ஃபின் அதிகமானா மூச்சையே மட்டுப்படுத்தும். டைக்ளோஃபினாக் வகைகள் கிட்னி பலவீனமானவங்களுக்கு ஆகாது. முதுகுல போடுற எபிடூரல் நல்ல முறை. ஆனா ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்பிடறவங்களுக்கு முதுகுத்தண்டுப் பக்கம் ரத்தம் கசியலாம்.

இங்கதான் நரம்பு பிளாக் கைகொடுக்குது. வயித்துச் சுவரின் தசை அடுக்குகளுக்கு நடுவுல ஓடுற நரம்புகள் பக்கம் மரத்துப்போற மருந்தைச் செலுத்தறாங்க. பேரு டேப் பிளாக். ராஃபி என்ற மருத்துவர் 2001-ல் விவரிச்சது. முதுகுத் தசைக்கு அடியில போடுற எரெக்டர் ஸ்பைனே பிளாக் 2016-ல் வந்தது. மருந்து பெரும்பாலும் பியூபிவகெய்ன் மாதிரி பழைய சரக்குதான்.

குறையும் சொல்லிடறேன். டேப் பிளாக் உள்ளுறுப்பு வலியை அடக்காது. ஒரு ஊசி சில மணி நேரம்தான் தாங்கும். அளவு மீறினா இதயத்தைப் பாதிக்கும். மத்த மருந்தைக் குறைக்கலாம், அடியோட நிறுத்த முடியாது.

அப்புறம் ஏன் எல்லா இடத்திலயும் போடறதில்ல? பழகின டாக்டர் வேணும், ஊசி முனையைப் பார்க்க அல்ட்ராசவுண்ட் வேணும். அந்த மெஷினை, கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டப்படி பதிவு பண்ணணும். சட்டம் ரொம்ப அவசியம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா தியேட்டர்ல நரம்பு பார்க்கிற மெஷினுக்கு நடைமுறையை எளிசாக்கலாம். மார்ஃபினுக்கான 1985 சட்டத்தை 2014-ல் தளர்த்தலையா?

பிளாக் போட்டா அது பில்லுல ஒரு வரி. போடாம நிமோனியா வந்தா, கூட இருந்து பார்த்துக்கிற மகனோட நாள் கூலி எந்த பில்லுலயும் வராது. அந்தப் பற்று முழுக்க குடும்பத்துக் கணக்குல.

அதனால என் கட்சி இது: கையெழுத்து போடறதுக்கு முன்னாடி மயக்க மருந்து டாக்டரைப் பார்த்து, "வலிக்கு என்ன பண்ணப் போறீங்க, பிளாக் போட முடியுமா சார்?"னு கேளுங்க. கேட்கிறதுக்குக் காசு இல்ல.

நீங்க என்ன நினைக்கறீங்க?