ஜில்லா பிரிந்தது, நீதி எப்போது வரும்?

சேலம் ஜில்லாவிலிருந்து நாமக்கல் பிரிந்து தனி ஜில்லாவானது 1997 ஜனவரி 1ந் தேதி. கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இதனால் உழைப்பவனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

1792ல் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகாலையும் சேலம் சீமையையும் கும்பினியார் பறித்துக் கொண்டனர். முதல் கலெக்டர் அலெக்சாண்டர் ரீடு. அவருக்கு உதவியாளர் தாமஸ் மன்றோ. நிலத்தை அளந்தார்கள், கிஸ்தி விதித்தார்கள். வசூல் செய்வதற்கென்றே ஏற்பட்ட உத்தியோகம்; அதனால்தான் கலெக்டர் என்று பெயர். சுதந்திரத்துக்குப் பின் 1965ல் தர்மபுரி பிரிந்தது, 1997ல் நாமக்கல், தர்மபுரியிலிருந்து 2004ல் கிருஷ்ணகிரி. ஒரு கலெக்டர் கச்சேரி இருந்த சீமையில் இன்று நான்கு இருக்கின்றன.

கச்சேரி ஜனங்களுக்குப் பக்கத்தில் இருப்பது நல்லதுதான். சேலத்துக்கு அலைந்த கொல்லிமலை மக்களுக்கு இன்று மலையிலேயே தாலுகா கச்சேரி இருக்கிறது. இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் கட்டிடம் பக்கத்தில் வந்தால் மட்டும் போதுமா?

பள்ளிபாளையத்தைப் பாருங்கள். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஈரோடு. நூலும் துணியும் வட்டிப் பணமும் தினசரி பாலத்தைக் கடக்கின்றன. ஆனால் விசைத்தறித் தொழிலாளி மனுக் கொடுக்க வேண்டுமானால் ஆர்.டி.ஓ.வைத் தேடித் திருச்செங்கோட்டுக்கும், கலெக்டரைத் தேடி நாமக்கல்லுக்கும் போக வேண்டும். அன்றையக் கூலி போயிற்று. மறுநாள் பட்டறைக்காரருக்கும் பதில் சொல்ல வேண்டும். அவரிடம் வாங்கிய அட்வான்சு கழுத்தில் கயிறாகக் கிடக்கிறது. கடன் தீரும்வரை வேறு தறிக்குப் போக முடியாது. கடனோ தீருவதில்லை. இந்தக் கடன் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை 2025ல் நாடே பார்த்தது. பள்ளிபாளையம் சுற்றுப்புறத்தில் ஏழைத் தொழிலாளர்கள் சிறுநீரகத்தை விற்ற கொடுமை அம்பலமாயிற்று. விசாரணைக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தனிப் புலனாய்வுக் குழு அமைக்க வேண்டி வந்தது.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா? இருக்கிறது. 1976ம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அட்வான்சைக் காட்டித் தொழிலாளியைக் கட்டிப்போடுவதைக் குற்றம் என்கிறது. அப்படிப்பட்ட கடன் செல்லாது. திருப்பித் தர வேண்டியதில்லை. கொத்தடிமைக் கடன் அல்ல என்று ருசுப்பிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவரே, தொழிலாளி அல்ல. குற்றவாளிக்கு மூன்று வருஷம் வரை சிறை. சட்டத்தை அமல் நடத்தும் பொறுப்பு கலெக்டருடையது. ஜில்லாவிலும் ஒவ்வொரு கோட்டத்திலும் கண்காணிப்புக் குழு வேண்டும். அதில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களின் பிரதிநிதிகள் மூவர் இருக்க வேண்டும். கந்துவட்டியைத் தடுக்க 2003ல் மாநிலச் சட்டமும் வந்தது.

ஆக, வரி வசூலிக்க வந்த அதே நாற்காலிக்கு, உழைப்பாளியை விடுவிக்கும் அதிகாரத்தையும் சட்டம் கொடுத்திருக்கிறது. அந்த அதிகாரம் காகிதத்தில் தூங்கக் கூடாது.

நாம் கேட்பது இதுதான். கண்காணிப்புக் குழுக்கள் ஒழுங்காகக் கூட வேண்டும். அவற்றின் அங்கத்தினர்கள் யார் என்பதைத் தாலுகா கச்சேரிப் பலகையில் எழுதிப் போட வேண்டும். பள்ளிபாளையம், குமாரபாளையம், வெண்ணந்தூர் தறிப் பகுதிகளுக்கு அதிகாரிகள் நேரில் வந்து, தொழிலாளிக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தில் மனு வாங்க வேண்டும். பரமத்தி வேலூர்த் தோட்டங்களில் கூலிக்கு உழைப்பவர்களுக்கும், செங்கல் சூளையில் குடும்பத்தோடு கிடப்பவர்களுக்கும் இந்தச் சட்டம் உண்டு என்பதை ஊர்தோறும் தண்டோராப் போட்டுச் சொல்ல வேண்டும்.

தோழர்களே! திங்கள்தோறும் கலெக்டர் மனு வாங்குகிறார். தனியாக ஒருவர் கொண்டுபோகும் மனுவுக்கு ரசீது கிடைக்கும். சங்கமாக நூறு பேர் கொண்டுபோனால் பதில் சொல்லியே ஆக வேண்டும். தறி மேட்டிலும் வயல் வரப்பிலும் மனுக்களைச் சேகரியுங்கள்! ஒன்றுசேர்ந்து நாமக்கல்லுக்குப் புறப்படுங்கள்!