இரு விமானங்களுக்கு இடையே ஒரு தரிசனம்

பிள்ளைகளைக் காண மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் சென்னை வழியே அயல்நாடு செல்லும் முதியோர் பலர், அடுத்த விமானத்திற்காக மீனம்பாக்கத்தில் எட்டு மணி நேரமும் நாற்காலியிலேயே கழிக்கின்றனர். வேளச்சேரி அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. மெட்ரோ ரயிலில் கிண்டியில் இறங்கி, ஆட்டோவில் தண்டீஸ்வரம் சேரலாம்.

மார்க்கண்டேயருக்காக ஈசனிடம் உதையுண்ட எமன், தான் இழந்த தண்டத்தை இங்கு வழிபட்டு மீளப் பெற்றான் என்கிறது தலபுராணம். அதனால் சுவாமிக்குத் தண்டீஸ்வரர் என்று திருநாமம், அம்பிகை கருணாம்பிகை. சோழர் காலக் கல்வெட்டுகள் கொண்ட பழம்பதி இது. யோக நரசிம்மருக்கும் இவ்வூரில் ஆலயம் உண்டு.

நண்பகலில் நடை சாத்தினால் மாலையில்தான் திறக்கும். ஆகவே காலையில் வந்திறங்கி மாலையில் புறப்படுவோர்க்கே இது பொருந்தும். பெட்டிகள் கடைசி ஊர் வரை பதிவாகியிருந்தால் நடை எளிது. பன்னாட்டு விமானத்திற்கு மூன்று மணி நேரம் முன்னதாகத் திரும்பிவிட வேண்டும். இடைவெளி ஆறு மணி நேரத்திற்குக் குறைந்தால் வெளியே செல்லாதிருப்பதே நலம்; இருந்த இடத்திலேயே பஞ்சாட்சரம் ஓதலாம்.

காலனுக்கே தண்டம் அளித்தவன் சந்நிதியில் ஒரு நாழிகை நின்றவர்க்கு, காத்திருந்த பொழுது வீண்பொழுது ஆகாது.