பம்பரோடு பெல்ட்டையும் பாருங்கள்



அடிபட்ட கார் ஒர்க்‌ஷாப்புக்குப் போனதும் எஸ்டிமேட்டில் பம்பர், ஹெட்லைட், டிங்கரிங், பெயிண்டிங் என்று வரிசையாக ஏறும். உள்ளே இருந்தவர்களைப் பிடித்து நிறுத்திய சீட் பெல்ட்டைப் பற்றிப் பேச்சே எழாது. பார்வைக்கு அது பழையபடிதானே இருக்கிறது!

1959-ல் வால்வோ காரில் நில்ஸ் போலின் கொண்டுவந்த மும்முனை பெல்ட்தான் இன்று நம் கார்களிலும் இருக்கிறது. பாலியஸ்டர் இழைகளை நெருக்கி நெய்த பட்டை அது. மோதலில் உடல் முன்னே பாயும்போது சற்று நீண்டுகொடுத்து அந்த விசையைத் தாங்குகிறது. அப்படி இழுபட்ட பட்டை அடுத்த முறையும் அதேபோல் தாங்கும் என்று நம்ப முடியாது. பல கார்களில் ப்ரீடென்ஷனரும் உண்டு. மோதிய கணமே அதிலுள்ள சிறு வெடிமருந்து வெடித்து பெல்ட்டை உடலோடு இறுக்கும். ஒரு முறை வெடித்தால் அதன் ஆயுள் முடிந்தது; மாற்றியே ஆகவேண்டும். அதை வீட்டில் கழற்றிப் பார்க்க வேண்டாம்.

நீங்களே பார்க்கக்கூடியவை சில. பட்டையை முழுவதுமாக வெளியே இழுங்கள். பிசிறு, வெட்டு, அலையலையான நெளிவு, தோள்பக்க வளையத்தில் உரசி உருகிய தடம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் புதிது வேண்டும். சட்டென்று இழுத்தால் பெல்ட் பூட்டிக்கொள்ள வேண்டும். விட்டால் தானாகச் சுருள வேண்டும். டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிந்தால் சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள். மோதல் பலமானது என்றால், இவை எல்லாம் சரியாக இருந்தாலும் அப்போது அணிந்திருந்த பெல்ட்டுகளை மாற்றிவிடுவதே நல்லது. குழந்தைக்கான இருக்கைக்கும் இதே விதிதான்.

சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் பெல்ட் மலிவாகக் கிடைக்கலாம். அது எந்த விபத்தில் இழுபட்டது என்று யாருக்குத் தெரியும்?

பெல்ட் போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். போட்ட பெல்ட் உயிரைத் தாங்குமா என்று எந்தப் போலீஸ்காரரும் இழுத்துப் பார்க்கப்போவதில்லை. ஆகவே, இன்ஷூரன்ஸ் சர்வேயர் வரும் நாளில் பக்கத்திலேயே நில்லுங்கள். “பின் சீட் உட்பட எல்லா பெல்ட்டையும் செக் பண்ணி எஸ்டிமேட்டில் எழுதுங்க சார்” என்று கேட்டு வாங்குங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்