கடிந்துகொள்ளாத வானதூதர்

பாலைநிலத்துச் சூரைச்செடியின் அடியில் அமர்ந்து சாவை வேண்டினார் இறைவாக்கினர் எலியா. வானதூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. உண்ண அப்பமும் பருக நீரும் அளித்தார் (1 அரசர் 19).

நம் நாட்டில் 1995இல் இலட்சம் பேருக்கு 47 பேர் தம் உயிரை மாய்த்தனர். கொடிய கிருமிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின் அவ்வீதம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகக் குறைந்தது. தற்கொலை முயற்சியைத் தண்டித்த சட்டமும் 1998இல் நீக்கப்பட்டது. அந்த இருண்ட கணத்தைக் கடக்க உதவினால் உயிர் நிலைக்கும் என்பதே இதன் பாடம்.

தெல்தெனியவின் வேளாண் குடும்பங்களுக்கும் இதுவே அழைப்பு. வீட்டிலுள்ள கிருமிநாசினியைப் பூட்டி வையுங்கள். சோர்ந்திருப்பவரிடம் விசுவாசக் குறைவைச் சுட்டாது, செவிமடுங்கள். மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். 1926 என்னும் தேசிய மனநல உதவி இலக்கம் இரவும் பகலும் பதிலளிக்கும். எலியாவுக்கு முதலில் கிடைத்தது அறிவுரையன்று, அப்பம்.