மீன் சந்தையில் விட்டால் பிழைத்துக்கொள்ளுமா?

பூனையைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், என்னோடு ஒரே பத்திரிகையில் பல காலம் பணியாற்றிய நண்பர் தொலைபேசியில் சிரித்தார். “நாட்டில் எழுதுவதற்கு வேறு விடயமே இல்லையா?” என்றார். இருக்கின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவற்றைத்தான் எழுதினேன். யுத்தத்தையும், கடல் கொண்டுபோனவர்களையும், கல்முனையின் எல்லைப் பிரச்சினையையும் எழுதியாயிற்று. என் எழுத்தால் அவற்றில் ஏதேனும் மாறியதாக நினைவில்லை. பூனை விடயத்திலாவது யாரேனும் ஒருவர் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளக்கூடும் என்ற சிறு ஆசையில் இதை எழுதுகிறேன். கொஞ்சம் கோபத்தோடும்தான்.

கடந்த மாரியில் ஒரு நாள், சுபஹுத் தொழுகை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். மழை விட்டிருந்தது. மூன்று நிறப் பூனையொன்று மதிலோரத்திலிருந்து இறங்கி வந்து என் காலில் உரசியது. மூன்று நிறம் என்றால் அநேகமாகப் பெட்டைதான். கழுத்தில் நைலோன் நூல் கட்டியிருந்த தடம் தெரிந்தது. குனிந்து கையை நீட்டினேன்; தலையைக் கொண்டுவந்து உள்ளங்கையில் வைத்தது.

தெருவில் பிறந்து தெருவில் வளர்ந்த பூனை இப்படிச் செய்யாது. பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரையிலான காலத்தில் மனிதக் கை பட்டு வளராத குட்டி, பின்னர் மனிதனைக் கண்டால் பெரும்பாலும் ஓடியே போகும். ஆகவே, ஓடாமல் வந்து உரசுகின்ற பூனை தெருவில் நிற்குமானால், யாரோ ஒருவர் அதற்குச் சோறு வைத்துப் பழக்கியிருக்கிறார், பிறகு கொண்டுவந்து விட்டிருக்கிறார் என்றே கொள்ளவேண்டும். நான் நெடுநேரம் துப்பறிய வேண்டியிருக்கவில்லை. அன்று மாலையே தேநீர்க் கடையில் அந்த ‘யாரோ ஒருவர்’ தாமாகவே முன்வந்தார். இரண்டு ஒழுங்கை தள்ளி வசிப்பவர். “அது எங்கட வீட்டுப் பூனைதான் காக்கா. பெட்டை. வளர்ந்தா குட்டி போட்டுக்கிட்டே இருக்கும். உரப்பையில போட்டு மீன் சந்தையில விட்டன். எப்படியோ திரும்பி வந்திட்டு. அங்கேயே இருந்தா பிழைச்சிக்கும்தானே!”

அவர் கெட்ட மனிதரல்லர். ஐவேளை தொழுபவர், அயலில் மரணம் நிகழ்ந்தால் முதலில் வந்து நிற்பவர். அதனால்தான் இதை எழுதவேண்டியிருக்கிறது. கெட்டவர்கள் மட்டும் செய்கின்ற காரியமாக இருந்தால் எழுதிப் பயனில்லை.

நமது கரையோர ஊர்களில், மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரையில், இது ஒரு வழமை. இருட்டிய பின்னர் மோட்டார் சைக்கிளில் ஓர் உரப்பை புறப்படும். மீன் சந்தையடி, கரைவலை வாடி, பாடசாலை மதில், பள்ளிவாசல் வளவு என்று எங்கேனும் அவிழ்க்கப்படும். அவிழ்த்தவர் வீட்டுக்கு வந்து நிம்மதியாக உறங்குவார். ‘பிழைத்துக்கொள்ளும்’ என்ற அந்த ஒற்றைச் சொல் அவரை உறங்க வைக்கிறது.

பிழைத்துக்கொள்ளுமா? இரண்டு நாட்கள் மீன் சந்தைக்குப் போய் நின்று பாருங்கள். மீன் தலையும் குடலும் விழுகின்ற இடங்கள் ஏற்கெனவே பங்கிடப்பட்டுவிட்டன. காது கிழிந்த பெரிய கடுவன்கள் ஒரு பக்கம், நாய்கள் மறுபக்கம். வீட்டுக் கதவருகே சோற்றுக்குக் காத்திருந்து பழகிய பூனைக்கு அந்தச் சண்டை தெரியாது. மாரியில் கடல் கொந்தளிக்கும்போது கரைவலையும் இல்லை, வாடியில் சிதறுகின்ற சூடை மீனும் இல்லை. பால்குடி மறவாத குட்டிகளின் கதை இன்னும் சுருக்கமானது. அதிகாலையில் வருகின்ற மீன் லொறிகளின் சாரதிகளைக் கேட்டால் சொல்வார்கள்.

இதற்கு மார்க்கத்திலிருந்தே ஒரு நியாயமும் வைத்திருக்கிறோம். ஒரு பெண் பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடாமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்ததற்காக நரக வேதனைக்குள்ளானாள் என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. அதை அறியாத முஸ்லிம் இந்தக் கரையில் இல்லை. தேநீர்க் கடை நண்பரும் அதையே எடுத்துக்காட்டினார்: “அவள் கட்டி வெச்சாள். நான் அவிழ்த்துத்தானே விட்டன்!”

இந்த வாதம் கேட்பதற்குக் கெட்டித்தனமாக இருக்கிறது. ஆனால், அந்தப் பெண்ணின் குற்றம் கயிறு மட்டுமா? உணவும் கொடுக்கவில்லை, உணவு தேடும் வழியையும் அடைத்தாள் என்பதே குற்றம். பால்குடிக் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து இரண்டு கட்டைக்கு அப்பால் போடுகின்றவன் இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறான். கயிறு இல்லை என்பது மட்டுமே வித்தியாசம். நான் மௌலவி அல்லன். பேராதனையில் கலைப் பட்டம் பெற்று, செய்தி எழுதிப் பிழைத்தவன். என் விளக்கம் பிழையென்றால் கற்றறிந்தவர்கள் திருத்தட்டும். ஆனால் திருத்துகின்றவர், அபூ கதாதா (ரழி) அவர்கள் தமக்காக வைக்கப்பட்ட வுழூ நீரைப் பூனை குடிப்பதற்காகப் பாத்திரத்தையே சாய்த்துக் கொடுத்த செய்தியையும் அதே குத்பாவில் சேர்த்துச் சொல்லவேண்டும். பூனை அசுத்தமல்ல, உங்களிடையே சுற்றி வருபவற்றுள் ஒன்று என்ற நபிகளாரின் கூற்றை அப்போதுதான் அவர் தம் மருமகளுக்கு எடுத்துரைத்தார். அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது.

நாம் முகநூலில் பகிர்வதோ வேறொன்று. உறங்கிய பூனையை எழுப்ப மனமில்லாமல் நபிகளார் ஆடையின் கையை வெட்டிக்கொண்டார்கள் என்ற முஅஸ்ஸா கதைக்கு ஹதீஸ் தொகுப்புகளில் ஆதாரம் இல்லை. ஆதாரமுள்ளதை விட்டுவிட்டு ஆதாரமற்றதற்கு விருப்பக்குறி இடுகிறோம். இஸ்தான்புல் போய் வந்தவர்கள் அங்குள்ள பள்ளிவாசல் முற்றத்துப் பூனைகளைப் படமெடுத்துப் போடுகிறார்கள். ‘மாஷா அல்லாஹ்’ என்று கீழே எழுதுகிறோம். எழுதிவிட்டு உரப்பையைத் தேடுகிறோம்.

இன்னொரு தரப்பும் உண்டு. அவர்கள் பூனையை விரட்டுவதில்லை, உள்ளே எடுப்பதுமில்லை. ‘கடைசி வரைக்கும் வைத்திருக்க முடியாவிட்டால் தொடவே கூடாது, பழக்கிவிட்டு இன்னொருவரிடம் தள்ளிவிடுவது பாவம்’ என்பது அவர்கள் கட்சி. இந்த வாதத்தை என் வீட்டிலேயே கேட்டேன். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்குரியது. நான் குடியிருப்பது என் மனைவியின் வீட்டில். அவளது சம்மதமின்றிப் பூனை உள்ளே வர இயலாது. கொஞ்ச நாட்களுக்குத்தான், வேறு வீடு கிடைத்ததும் கொடுத்துவிடலாம் என்றேன். “கொஞ்ச நாள் எண்டா என்னெண்டு எங்களுக்குத் தெரியாதா?” என்றாள்.

நான் பதில் பேசவில்லை. 2004 டிசம்பர் 26 இல் அவளது தாய்வீடு நின்ற இடத்தில் அத்திவாரம் மட்டுமே மிஞ்சியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் போனார்கள். அவளது உறவினர்களும் அவர்களில் அடக்கம். முதலில் பாடசாலை, பின்னர் உறவினர் வீட்டுப் பின்னறை, பின்னர் தகரக் கொட்டில். கடலிலிருந்து 65 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள். எல்லாமே ‘கொஞ்ச நாள்’தான். அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியில் எழுந்த 500 வீடுகள் பல ஆண்டுகள் ஆளின்றிக் காடு பற்றிக் கிடந்ததை நானே செய்தியாக எழுதியிருக்கிறேன்.

ஆனால் அவள் சொன்னதை இரண்டு நாட்கள் யோசித்த பின்னர், அது என் பக்கத்து நியாயமாகவே எனக்குப் பட்டது. அந்தப் பின்னறையைத் தந்த உறவினர், ‘கடைசி வரைக்கும் வைத்திருக்க எங்களால் முடியாது, ஆகவே வராதீர்கள்’ என்று சொல்லியிருந்தால் அவள் எங்கே போயிருப்பாள்? தற்காலிகமாக இடம் கொடுத்தவர் யாரும் அவளை வஞ்சிக்கவில்லை. நிரந்தர வீட்டைத் தேடித்தரும் பொறுப்பிலிருந்தோர், திகதி குறிக்காமல் காலம் கடத்தியதுதான் வஞ்சகம். இதை அவளிடம் சொன்னேன். “அப்ப திகதியைச் சொல்லுங்க” என்றாள். இரண்டு மாதம் என்றேன். அட்டைப்பெட்டியொன்றைத் தேடி எடுத்து விறாந்தை மூலையில் அவளே வைத்தாள்.

செய்த வேலை பெரிதல்ல. மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்ப் பூச்சி மருந்தும் விசர்நோய்த் தடுப்பூசியும் போட்டோம். விசர்நோய் நாயால் மட்டும் வருவதென்று எண்ணுவோர் உளர், பூனையாலும் வரும். கருத்தடைச் சத்திரசிகிச்சையும் செய்வித்தேன். இதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, தேவை கருதி அனுமதித்தோரும் உளர். சத்திரசிகிச்சை கூடாதென்று சொல்லிக்கொண்டு, ஒன்பது வாரத்தில் பிறக்கின்ற குட்டிகளை உரப்பையில் கட்டுவதை எந்த மத்ஹபும் அனுமதித்ததாக நான் அறியேன். பூனைக் கழிவால் கர்ப்பிணிகளுக்குத் தீங்கு வரும் என்று மகள் பயந்தாள். பயத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தக் கிருமி தொற்றும் நிலையை அடைய ஒரு நாளேனும் செல்லும்; மணல் தட்டை நாள்தோறும் மாற்றினால் ஆபத்து வெகுவாகக் குறையும். மாற்றியது நான். ஓய்வு பெற்ற பத்திரிகையாளனுக்கு அதைவிட அவசரமான வேலை என்ன இருக்கிறது?

வீடு தேடுவதில் ஒரு பிழை செய்தேன். ஆண்களிடம் கேட்டேன். தேநீர்க் கடையிலும் பள்ளிவாசல் படியிலும் ஏழெட்டுப் பேர் “நான் எடுக்கிறன் காக்கா” என்றார்கள். ஒருவரும் வரவில்லை. வீடு யாருடையதோ அவரிடமல்லவா கேட்கவேண்டும்! மனைவி தன் சிநேகிதிகளிடம் ஒரு வார்த்தை விட்டாள்; நான்காம் நாள் மருதமுனையில் ஒரு நெசவுக் குடும்பத்திலிருந்து ஒரு பெண்மணி நேரில் வந்தார். தறிக்கூடத்தில் எலி நூலை வெட்டுகிறதாம். பூனை எலி பிடிக்குமா என்று தெரியாது, மடியில் ஏறி உறங்கும் என்பது மட்டும் தெரியும் என்றேன். அதுவும் பரவாயில்லை என்றார். பணம் தர முன்வந்தார். பூனைக்கு விலை பெறுவதைத் தடுக்கின்ற அறிவிப்பு ஸஹீஹ் முஸ்லிமில் இருப்பதை நினைத்து மறுத்தேன். மொத்தம் நாற்பத்தொரு நாட்கள். வண்டி புறப்பட்ட பின்னர் மனைவி குசினிக்குள் போய் வெகுநேரம் வரவில்லை.

மாநகர சபை செய்யவேண்டும், அரசாங்கம் செய்யவேண்டும் என்பார்கள். செய்யத்தான் வேண்டும். மிருகவதைக்கு எதிரான நமது கட்டளைச் சட்டம் 1907 ஆம் ஆண்டுக்குரியது. அதிலுள்ள நூறு ரூபாய் தண்டம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நூறு ரூபாயாகவே கிடந்தது. புதிய சட்டத்துக்கான வரைவைச் சட்ட ஆணைக்குழு 2006 இல் தயாரித்தது. அதற்குப் பின்னர் எத்தனை அரசாங்கங்கள் மாறின என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். சட்டம் வரும்வரை மதிலோரத்தில் நிற்கின்ற பூனை காத்திராது. ஊரில் பத்து வீடுகள் ஆளுக்கு இரண்டு மாதம் விறாந்தையில் ஒரு மூலையைக் கொடுத்தால் போதும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு திகதியும், வீடு தேடுவதற்கு ஒரு பொறுப்பாளியும் இருக்கவேண்டும். இதைவிடக் குறைவாக எப்படிக் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் தேநீர்க் கடை நண்பர் என்னைக் கண்டு, “பூனைக்கு நல்ல வீடு கிடைச்சதாமே காக்கா, நன்மையான காரியம்” என்று மனமாரப் பாராட்டினார். அவரது வீட்டில் இன்னொரு பெட்டையும் இருக்கிறதாம். மூன்று குட்டி ஈன்றிருக்கிறது, கண் திறந்து சில நாட்கள்தானாம். எட்டு வாரம் தாயோடு விடுங்கள், உரப்பையைத் தொடுவதற்கு முன்னர் எனக்குச் சொல்லுங்கள் என்றேன். சரி என்றார். அட்டைப்பெட்டி இன்னும் விறாந்தையில்தான் இருக்கிறது. திகதி குறிப்பதற்கு மனைவியிடம் இனித்தான் பேசவேண்டும்.