குரலுக்கு ஒரு கடிவாளம்

ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் வசிக்கும் நண்பர் ஒருவர் தம் புதல்வியின் பாட்டை வீட்டிலேயே பதிவு செய்து வருகிறார். மேல் ஷட்ஜத்தில் ஒலி கரகரக்கிறது. மந்தர ஸ்தாயியோ காதில் விழுவதேயில்லை. "கம்ப்ரஸர் பெட்டி வாங்கலாமா? அவளுடைய காலேஜுக்கென்று சேர்த்த பணத்தில்தான் கை வைக்க வேண்டும்" என்றார்.

அப்பெட்டியின் தொழில் இதுதான்: நாம் குறிக்கும் எல்லையைத் தாண்டும் ஒலியை அமுக்குவது. 4-க்கு 1 என்று திருகினால், எல்லைக்கு மேல் 8 டெஸிபெல் எழும்பிய குரல் 2 டெஸிபெல்லோடு நின்றுவிடும். குறைந்த 6 டெஸிபெல்லை ஈடுகட்ட மொத்த ஒலியையும் உயர்த்துவோம். அங்கேதான் வினை! மின்விசிறியும் ஜன்னலோரக் காகமும் கூடவே உயர்ந்துவிடும். (காகத்துக்குத் தாளம் வேறு கிடையாது.)

1967-ல் பில் புட்னம் அமைத்த 1176 ஸ்டூடியோக்களின் செல்லப் பிள்ளை. நம் போன்றவர்க்கு எட்டாக் கனி. 1990-களில் எஃப்.எம்.ஆர். என்னும் அமெரிக்கக் கம்பெனி வெளியிட்ட ஆர்.என்.சி. 1773 சிறியது, மலிவானது. வாங்குவதானால் அந்த ரகமே போதும். ஆனால் மைக்கை அதில் நேரே மாட்ட இயலாது. ஒலியைப் பெருக்கிய பிறகே அனுப்ப வேண்டும். நம் இன்டர்ஃபேஸில் அதற்கு இடைவழி உண்டா என்று முதலில் பார்த்தல் அவசியம்.

நண்பருடைய கருவியில் இல்லை. ஆகவே, மைக்கின் பெருக்கத்தைக் குறைத்து, 24 பிட்டில், உச்சக் குரலும் உச்ச வரம்புக்கு 10 டெஸிபெல் கீழே நிற்கும்படி பதிவு செய்யச் சொன்னேன். கரகரப்பு அடங்கிற்று. அமுக்கும் வேலையைப் பின்னர் கம்ப்யூட்டரே செய்கிறது, பிடிக்காவிடில் மாற்றிக்கொள்ளலாம். பெட்டி வழியே நசுங்கிப் பதிந்த கமகத்தை மீட்க வழியில்லை.

பணம் காலேஜுக்கே போயிற்று.