கடித்தது கொசுதானா?

பிள்ளை காலையில் கழுத்தைச் சொறிந்துகொண்டு எழும்பினால், "கொசு கடித்திருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறோம். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துக் குளிரில், கொசு குறைந்த மாதங்களிலும் இதே பதில்தான்!

சகோதரிகளே, தடிப்பை மட்டும் பார்த்து மூட்டைப்பூச்சியைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே பாயில் படுத்த இருவரில் ஒருவருக்கு வரிசையாகத் தடிக்கும். மற்றவருக்கு ஒன்றுமே தெரியாது. மகனுக்கு மட்டும் அரிக்கிறது, சிரங்காக இருக்கும் என்று முடிவு கட்டுமுன் படுக்கையைப் பாருங்கள்.

இரவில் டோர்ச் லைட்டை எடுத்துக்கொண்டு மெத்தையின் தையல் ஓரம், தலையணை உறையின் மூலை, கட்டில் சட்டங்கள் பொருந்தும் இடம், கட்டிலை ஒட்டிய சுவர் வெடிப்பு எல்லாம் தேடுங்கள். பேனா மை தெறித்தது போன்ற கறுப்புப் புள்ளிகள் அதன் கழிவு. ஈரத்துணியால் துடைத்தால் துருநிறமாகப் பரவும். உரித்த தோல்களும், ஒரு மில்லிமீற்றர் அளவு வெள்ளை முட்டைகளும் கிடைக்கலாம். இதற்குச் சிறகில்லை, பாயவும் தெரியாது. பாய்ந்தால் அது தெள்ளுப்பூச்சி. பத்து நிமிடத்துக்குள் வயிறு நிரப்பிக்கொண்டு ஒளிந்துவிடுவதால்தான் பூச்சி நம் கண்ணில் படுவதில்லை.

குளிர் நமக்குத் துணை என்று எண்ண வேண்டாம். குளிரில் அது மெதுவாகப் பெருகும், ஆனால் இரத்தமே இல்லாமல் பல மாதம் கிடக்கும். லயத்தில் இரண்டு காம்பராவுக்கு நடுவே ஒரே சுவர். வெடிப்பு வழியே அடுத்த வீட்டுக்கும் போய்விடும். ஆகவே பக்கத்து வீட்டு அக்காவிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். இது அழுக்கு வீட்டுக்கு மட்டும் வரும் பூச்சியன்று. கொழும்பிலிருந்து விருந்தாளி கொண்டுவரும் பையிலும் ஏறி வரும்.

தேயிலைக்கு அடிக்கும் மருந்தைப் பிள்ளைகள் படுக்கும் இடத்தில் தெளிக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அது பூச்சியைவிடப் பெரிய ஆபத்து. போதாததற்கு, இலங்கை மூட்டைப்பூச்சிகள் டீ.டீ.டி, மலத்தியான் போன்ற மருந்துகளுக்கு எதிர்ப்புப் பெற்றிருப்பதைப் பேராதனை ஆய்வாளர்கள் 2007இலேயே காட்டிவிட்டார்கள்.

சூடுதான் நம்பகமானது. போர்வை, தலையணை உறைகளைக் கொதிநீரில் ஊறவைத்துத் துவையுங்கள். பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டு, கட்டில் பொருத்துகளில் கேத்தல் நீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுங்கள். மூடுபனி வெயில் இதற்குப் போதாது. குளிரில் முட்டை பொரிக்கச் சில வாரங்கள்கூட ஆகலாம். அதனால் இரண்டு மாதமாவது, வாரம் ஒருமுறை அந்த டோர்ச்சை மறுபடியும் கையில் எடுங்கள்.